துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய்

1

"ஏட்டி ஸ்டெல்லா, போன வருசம் ரெண்டு லிட்டர் கேட்ட, கொடுத்து விட்டேன். இப்ப அஞ்சு லிட்டர் கேன்ல ரெண்டு வேணும்ங்குற. அங்க என்ன, நேந்திரங்காய் சிப்ஸ் கடை தொறந்திருக்கியளா?"

முட்டத்திலிருந்து என் அண்ணன் செல்வராஜ் அனுப்பிய குரல் செய்தி இது. பதிலுக்கு "துப்பாக்கிக்கு" என்று டைப் செய்தேன். உடனே அழித்துவிட்டேன். எங்கள் ஊரில் செய்தி வள்ளத்தைவிட வேகமாகக் கரை சேரும். காலையில் "ஸ்டெல்லா வேலை பாக்குற வீட்டுல துப்பாக்கி இருக்காம்" என்று தொடங்கினால், சாயங்கால ஜெபமாலைக்குள் நான் பாலைவனத்தில் நாலு பேரைப் போட்டுத் தள்ளியிருப்பேன். பங்குத்தந்தை எனக்காகத் தனிப் பூசை வைத்துவிடுவார்.

அதனால் ஒரே தடவையாக எல்லோருக்கும் எழுதிவிடுகிறேன். எண்ணெய் பெரும்பாலும் ஒரு கிழவரின் விரலுக்கு. கொஞ்சம் என் மகளின் தலைக்கு. துப்பாக்கிக்கு ஒரே ஒரு தடவைதான் போனது, அதுவும் என்னைக் கேட்காமல்.

2

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் அல் ஐனில் ஒரு அரபி வீட்டில் ஹோம் நர்ஸ். என் வீட்டுக்காரர் அருளப்பன் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வாரமெல்லாம் அவர் கேம்ப்பில் இருப்பார், லீவு நாளில் பஸ் பிடித்து இங்கே வருவார். வில்லாவுக்குப் பின்னால் எங்களுக்கென்று ஒரு ரூமும் அடுக்களையும் கொடுத்திருக்கிறார்கள். என் விசாவில்தான் எங்கள் மகள் ஜோவிட்டா இருக்கிறாள், பள்ளிக்குப் போகிறாள். என் வேலை போனால் அவளும் நானும் ஊருக்கு, அவர் மட்டும் கேம்ப்புக்கு. இந்தக் கதையில் துப்பாக்கி இருந்தாலும் எனக்குப் பயம் இந்த ஒன்றில்தான் இருந்தது.

நான் பார்த்துக்கொள்ளும் பெரியவரை வீட்டில் எல்லோரும் பாபா என்று கூப்பிடுவார்கள். எண்பதை நெருங்குகிறார். ஒரு காலத்தில் ராணுவத்தில் இருந்தவர், குறி பார்த்துச் சுடும் போட்டிகளுக்கு நாடு நாடாகப் போனவர். பழைய பம்பாய் வியாபாரிகளிடம் பழகிய இந்தி அவருடையது, நாகர்கோவில் நர்சிங் ஸ்கூலில் ஒட்டிக்கொண்ட இந்தி என்னுடையது. இரண்டும் சேர்ந்து கால் ஒடிந்த கட்டில் மாதிரி ஆடினாலும் படுக்க முடியும்.

என்னிடமிருந்து அவர் கொஞ்சம் தமிழும் கற்றுக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்தது "வணக்கம்", "சாப்பிட்டீங்களா". அவர் பிடித்துக்கொண்டது, நான் வாஷிங் மெஷினைப் பார்த்துச் சொல்கிற "சவமே". ரிமோட் வேலை செய்யவில்லையென்றால் "சவமே". ஷேக் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி ஆறிப் போயிருந்தாலும் மெதுவாக என் பக்கம் சாய்ந்து "சவமே". என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால் இந்தியாவில் பொருள்களைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

3

பாபாவின் உயிர் ஒரு அறையில் இருந்தது. வருடம் முழுவதும் ஏசி ஓடுகிற, இரும்புப் பெட்டிகள் வைத்த அறை. சாவி அவரிடமும் மகனிடமும் மட்டும். லைசென்ஸ் உள்ளவர்கள் தவிர வேறு யாரும் உள்ளே காலை வைக்கக் கூடாது என்று வந்த முதல் நாளே எனக்குச் சொல்லப்பட்டது. உள்ளே என்ன என்று கேட்டதற்கு பாபா பெருமையாக, "பிஸ்டல்" என்றார்.

நான் சினிமாவில் பார்த்த கறுப்புச் சமாச்சாரத்தை மனதில் வைத்திருந்தேன். அவர் ஒன்றைக் காலி செய்து, திறந்து காட்டி, மேசைமேல் கொண்டுவந்து வைத்தபோது சிரிப்பு வந்துவிட்டது. யாரையும் சுடுவதற்கான சாமான் இல்லை அது. ஒற்றைக் கையை நீட்டி, தூரத்தில் நிற்கும் அட்டையில் வட்டத்துக்கு நடுவில் ஓட்டை போடுவதற்கென்றே, ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் செய்தது. ரஷ்யாக்காரன் செய்ததன் மரப்பிடி கையை மணிக்கட்டு வரை விழுங்கிவிடும், எலும்பு வார்டில் கட்டுகிற ஸ்ப்ளின்ட் தோற்றுப்போகும். இத்தாலிக்காரன் செய்தது இடியாப்ப உரல். ஜெர்மன்காரனுடையது நீளமாக, மெலிசாக, பாக்குவெட்டி போல இருக்கும். பாபாவுக்கு அந்தப் பாக்குவெட்டிமேல்தான் பிரியம். முதல் போட்டியில் ஜெயித்தது அதை வைத்துத்தானாம். மனைவியின் படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. பாக்குவெட்டியின் படம் பர்சில் இருக்கிறது.

தோட்டா சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் ரோல் கேப்பைக் கல்லால் தட்டி வெடிப்பார்கள் இல்லையா, அதே சங்கதிதான் உள்ளேயும். தோட்டாவின் பின்பக்கத்து விளிம்பில் ஒரு ஊசி 'சட்'டென்று அடிக்க வேண்டும். அடித்தால் வெடிக்கும். சோம்பலாகத் தட்டினால் 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

4

பாபாவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். வலி வரும் என்ற பயத்தில், விசையை அழுத்தும் நேரத்தில் கையை வெடுக்கென்று இழுத்துவிடுவார். அந்த நேரத்தில் துப்பாக்கியின் மூக்கு கீழே குத்தும். சுட்டால் தூக்கிப்போடுகிற களேபரத்தில் அது யார் கண்ணுக்கும் தெரியாது, குண்டு எங்கே போனது என்பதில்தான் தெரியும். போன குளிர்காலத்தில் குண்டு அட்டையை மதிக்காமல் போய்த் தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது. தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. ஆடு பிழைத்தது. பாபாவின் மானம்தான் பிழைக்கவில்லை.

அவருடைய மகன் சுல்தான் அபுதாபியில் பெரிய உத்தியோகம், தானும் துப்பாக்கிப் பயிற்சி எடுத்தவர். தொட்டியை அடைத்த கையோடு தீர்ப்புச் சொன்னார். அடுத்த குளிர்காலப் போட்டி வரை பார்ப்பார். கை நின்றால் சரி. இல்லையென்றால் மொத்தச் சேகரிப்பையும் வேறொரு சேகரிப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த அறையில் டிரெட்மில் வாங்கிப் போடுவார்.

"டிரெட்மில்லா?" என்றார் பாபா. "நான் எங்கே ஓடிப்போகணும்?"

பிறகு சுல்தான் என் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான், ஆங்கிலத்தில் சொன்னார். "சிஸ்டர், உங்களை வேலைக்கு எடுத்ததே அந்த விரலுக்காக. அது சரியாகவில்லையென்றால், அப்புறம் நர்ஸ் எதற்கு?"

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டின கதை என்பார்கள். நான் கட்டவில்லை. என் மடியில் இருந்த ஓணானுக்கு அன்றுதான் பெயர் வைத்தார்கள்.

5

பயிற்சி பாபா சொல்லிக்கொடுத்ததுதான், சுடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. துப்பாக்கிக்குள் காலித் தோட்டாவைப் போட வேண்டும், இல்லையென்றால் ஊசி மழுங்கிவிடும். குழாயின்மேல் ஒரு திர்ஹம் நாணயத்தை வைக்க வேண்டும். கையை நீட்டி விசையை அழுத்த வேண்டும். டிக் என்ற சத்தத்துக்குப் பிறகும் நாணயம் குழாய்மேலேயே உட்கார்ந்திருந்தால் கை நிற்கிறது என்று அர்த்தம்.

நாணயம் உட்காரவே இல்லை. காலை உணவுக்குப் பிறகு டிக், கிளிங். மருந்துக்குப் பிறகு டிக், கிளிங். சோபாவுக்கு அடியில் புகுந்த நாணயத்தை எடுப்பது என் வேலை. அந்த நாணயத்தில் அரபிக் காப்பியான கஹ்வாவை ஊற்றும் கூஜா ஒன்று பொறித்திருக்கும். குனிந்து குனிந்து அந்தக் கூஜாவைப் பார்த்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் விரலுக்கு நான், என் இடுப்புக்கு யார்?

ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பை பாபாவுக்குப் பிடிக்கவில்லை. மணமே இல்லாத மருந்து மருந்தா என்பார். ஒருநாள் நான் ஊர் எண்ணெயைக் கொஞ்சம் சூடாக்கி விரல்களில் தேய்த்து, ஒவ்வொரு கணுவாக நீவிவிட்டேன். சந்தோஷமாக முகர்ந்து பார்த்தார். மறுநாள் அவரே கையை நீட்டிக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார். வேலை செய்தது எண்ணெயா, சூடா, நீவுகிற பதமா என்று எனக்குத் தெரியாது. டாக்டர் "கெடுதல் இல்லை" என்றார். விரல்கள் மடங்கத் தொடங்கின.

இதே எண்ணெயைப் பார்த்தால் என் மகள் மட்டும் ஓடுவாள்.

"அம்மா, ப்ளீஸ். ஐ ஸ்மெல் லைக் எ ஸ்நாக்."

"எது? சிப்ஸா?"

"யெஸ்! ஸ்கூல் பஸ்ல எல்லாரும் யாரு டிபன் பாக்ஸ் ஓபன்னு கேக்குறாங்க."

முட்டத்துப் பெண்மேல் தேங்காய் எண்ணெய் மணக்கிறது என்று யாராவது குறை சொல்லியிருக்கிறார்களா? கருவாட்டில் உப்பு கரிக்கிறது என்று சொல்வதுபோல. எனக்குக் கோபமும் வந்தது, வருத்தமும் வந்தது. இந்தப் பிள்ளைக்கு ஊர் என்பது வருடத்துக்கு ஒரு தடவை கொசு கடிக்கிற இடம். ஜெபம்கூட ஆங்கிலத்தில்தான் வருகிறது. தலையையாவது என்னிடம் விட்டுவைக்கக் கூடாதா?

எண்ணெயைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வளைகுடாவுக்கு வந்த புதிதில் நான் கொண்டுவந்த எண்ணெய் ஏசி ரூமில் ஒரே ராத்திரியில் வெள்ளைக் கட்டியாக உறைந்துபோனது. ஊரில் மார்கழியில்கூட லேசாகக் கலங்குமே தவிர இப்படிக் கல்லாகாது. கலப்படம் என்று நினைத்து அண்ணனுக்கு போன் போட்டுக் கத்தினேன். அவன் மில்காரரிடம் போய்க் கத்தினான். மில்காரர் மாதா சுரூபத்தின்மேல் சத்தியம் செய்தார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று, ஒரு திருமுழுக்கு விருந்தில்தான் சமாதானமானது. அப்புறம்தான் இங்கே மலையாளத்துச் சேச்சி ஒருத்தி, அது குளிரில் உறையும் என்று சொன்னாள். அன்றிலிருந்து பாட்டிலை ஜன்னல் வெயிலில் வைத்திருப்பேன்.

போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அந்த ஜன்னலில் இருந்த பாட்டில் காணாமல் போனது. ஜோவிதான் ஒளித்து வைத்துவிட்டாள் என்று அவளைத் திட்டினேன். அவள், "ஐ டிடிண்ட்!" என்று அழுதாள். நான் நம்பவில்லை. புதுப் பாட்டில் திறந்தேன்.

6

போட்டி என்றால் ஸ்டேடியம், கொடி என்று நினைக்காதீர்கள். இரண்டு கிழவர்கள், ஒரு பேரீச்சந் தோட்டம், பின்னால் மண்மேடு, நடுவில் அட்டை. அதற்கும் முறையாக அனுமதி வாங்கியிருக்கிறார்கள்.

எதிராளி ஓமானிலிருந்து வருகிற அபு நாசர். பாபாவின் சிறுவயது நண்பர். சந்தித்தால் மூக்கோடு மூக்கு உரசிக்கொள்வார்கள், அடுத்த நிமிடம் சண்டை போடுவார்கள். ஒரு வருடம் அபு நாசர் தன்னுடைய சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுவர ஆசைப்பட்டாராம். அந்தக் காகிதம், இந்த முத்திரை, இதற்கு நகல், அந்த நகலுக்குக் கையெழுத்து என்று எல்லையிலேயே போட்டி நாள் முழுவதும் தேநீர் குடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிப் போனார். அதிலிருந்து பாபாவின் சேகரிப்பிலிருந்தே இரண்டு பேரும் சுடுவது என்று ஏற்பாடு.

ஆளுக்குப் பத்துச் சுற்று. தோற்றவர் ஜெயித்தவருக்கு அன்றைக்கு முழுவதும் கஹ்வா ஊற்ற வேண்டும். இங்கே ஒரு வழக்கம் உண்டு. குடித்த சின்னக் கிண்ணியை லேசாக ஆட்டிக் காட்டினால் போதும் என்று அர்த்தம். ஆட்டாமல் நீட்டினால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஜெயித்தவர் சாயங்காலம் வரை கிண்ணியை ஆட்டமாட்டார். அதுதான் கோப்பை, அதுதான் மெடல்.

குளிர்காலக் காலை. சுல்தான் பெட்டிகளை இறக்கினார். மருந்துப் பையோடு நானும், வேடிக்கைக்கு ஜோவியும் கூடாரத்து ஓரத்தில் உட்கார்ந்தோம். முதல் சுற்று அபு நாசருக்கு. ரஷ்யாக்காரனுடைய ஸ்ப்ளின்ட்டுக்குள் கையை விட்டு, மூச்சை அடக்கி, அழுத்தினார்.

டிக்.

வேறு தோட்டா போட்டார். டிக். பாபா சிரித்துக்கொண்டே பாக்குவெட்டியை நீட்டினார். டிக். சிரிப்பு நின்றது. இடியாப்ப உரலை எடுத்தார்கள். அது டிக்கூடச் சொல்லவில்லை.

"சவமே!" என்றார் பாபா.

சுல்தான் எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, ஒன்றைக் கழற்றினார். உள்ளே ஊசி ஓடுகிற பள்ளம் முழுவதும் வெள்ளை வெளேரென்று மெழுகு மாதிரி அடைத்திருந்தது. விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அதற்குள் மணம் எங்கள் பக்கமும் வந்துவிட்டது.

"அம்மா," என்றாள் ஜோவி என் காதில். "தி கன்ஸ் ஸ்மெல் லைக் மீ."

நான் அவள் வாயைப் பொத்தினேன்.

பாபா கொஞ்சமும் வெட்கப்படவில்லை. அவருடைய இந்தியில் எண்ணெய் என்றால் தேல். "ஸ்டெல்லாவோட தேல்! பஹுத் அச்சா. என் விரல் துருப்பிடிச்சுக் கிடந்தது, இது போட்டு ஓடுது. அப்ப துப்பாக்கிக்கு எவ்வளவு நல்லது? எல்லாத்துக்கும் போட்டேன். நிறைய போட்டேன்."

ஊரில் தலைக்கு வைக்கிறது, கறிக்கு ஊற்றுகிறது, கதவுக் கீலுக்கு விடுகிறது எல்லாம் ஒரே எண்ணெய்தான் என்று அவருக்குப் பெருமையாகச் சொன்னதும் நான்தான். நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுல்தான் திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் விசாவையும், ஜெபல் அலி கேம்ப்பில் அருளப்பனின் மேல்கட்டிலையும், ஜோவியின் பள்ளிப் பையையும் பார்த்தேன்.

"சார், நான் குடுக்கல்ல," என்றேன். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. "பாட்டில் ஜன்னல்லேர்ந்து காணாமப் போச்சு. பாவம், புள்ளயப் போட்டுத் திட்டினேன்."

"ஐ டோல்ட் யூ," என்றாள் ஜோவி. பிறகு நான் சொன்னதையெல்லாம் சுல்தானுக்கு அவளே ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள், தான் நிரபராதி என்ற பகுதியை மட்டும் இரண்டு தடவை.

7

துப்பாக்கி துடைக்கிற சாமான் எல்லாம் வீட்டில், ஒரு மணி நேரத் தூரத்தில். அபு நாசருக்குப் பொறுமை கிடையாது. உறைந்தால் உருக்க வேண்டியதுதானே என்று நான் சொன்னேன். பாலைவனத்து மணலில் வெகுநேரம் முக்கிக்கொண்டு வந்த பெரிய வண்டியின் பானட் நல்ல சூடாக இருந்தது. அதன்மேல் ஒரு துண்டை விரித்தார்கள். காலித் துப்பாக்கிகளின் வாயைத் திறந்துவைத்துச் சுல்தான் வரிசையாகப் பரத்தினார், கடற்கரையில் நெத்திலி காயப்போடுகிற மாதிரி. நான் பையிலிருந்து காது குடைகிற பஞ்சுக் குச்சிகளை எடுத்துக் கொடுத்தேன். எட்டிய இடமெல்லாம் துடைத்தார்.

காலையில் வந்த டிக்குகளைக் கணக்கில் சேர்க்காமல், போட்டி முதலிலிருந்து தொடங்கியது. டப்! குண்டு அட்டையில் விழுந்தது. கூடவே சூடான எண்ணெய் ஆவி ஒன்று எழுந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற மணம். மூன்றாவது சுற்றில் தோட்டக்கார பாய் எட்டிப் பார்த்து, சமையல் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு அபு நாசர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குப் பசிக்கிறது, இது சதி" என்றார். பேரீச்சம்பழமும் ரொட்டியும் கொண்டுவந்த பிறகுதான் ஆறாவது சுற்று.

பாபா நன்றாகச் சுட்டார். நடுவட்டம், அதன் பக்கத்து வட்டம், மறுபடியும் நடுவட்டம். நான் ஜெபமாலையைச் சேலை முந்தானைக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது சுற்று முடிந்தபோது பாபா முன்னால் இருந்தார். பத்தாவதாக அபு நாசர் சுட்டு, சுமாரான புள்ளிதான் எடுத்தார். அதைப் பற்றி இரண்டு பேரும் நின்று நிதானமாகச் சண்டை போட்டார்கள், முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு ஒட்டகம் வரை சண்டை போனது. அவ்வளவு நேரமும் பாக்குவெட்டி கூடாரத்து நிழலில், குளிர்ந்த காற்றில், இரும்பு மேசைமேல் கிடந்தது.

பாபா எடுத்தார். தோட்டா போட்டார். கையை நீட்டினார்.

டிக்.

இந்த இடத்தில் ஒரு சட்டம் உண்டு. வெடிக்காத தோட்டாவுக்குப் புள்ளி கிடையாது, பூஜ்யம். முன்பு ஒரு வருடம் அபு நாசரின் தோட்டா வெடிக்காதபோது, சிரித்துச் சிரித்து இந்தச் சட்டத்தைப் போட்டவர் பாபாதான். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அன்றைக்குச் சுடவே இல்லை.

"பூஜ்யம்!" என்று அபு நாசர் கைத்தடியைத் தூக்கிக் குதித்தார். முடிந்தது. தோற்றாயிற்று. டிரெட்மில் வந்தாயிற்று. ஊரில் ஜோவியை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று அந்த நொடியே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பாபா மட்டும் அசையவில்லை. வெடிக்காத தோட்டா தாமதமாக வெடிக்கக்கூடும், அதனால் கொஞ்ச நேரம் அப்படியே குறியிலேயே பிடித்திருக்க வேண்டும் என்பது முறை. நீட்டிய கை நீட்டியபடி நின்றார்.

குதித்துக்கொண்டிருந்த அபு நாசர் மெதுவாக நின்றார். சுல்தான் ஒரு அடி முன்னால் வந்தார். இரண்டு பேரும் பாபாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையையும் பார்க்கவில்லை. துப்பாக்கியின் மூக்கைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜோவிதான் என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அம்மா! தி காயின்! காயின் விழுந்திருக்காது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அது வெடிக்காது என்று தெரியாது. வெடிக்கும் என்று நினைத்துத்தான் அழுத்தினார். அழுத்திய நேரத்தில் குழாய் ஒரு மயிரிழைகூடக் கீழே குத்தவில்லை. வெடித்திருந்தால் அந்தத் தூக்கலில் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. வெடிக்காததால் எல்லோர் கண்ணிலும் பட்டது.

அபு நாசர் ஏதோ அரபியில் சொன்னார். சுல்தான் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். "அவர் சொல்கிறார், இருபது வயதில்கூட இவன் இவ்வளவு அழகாகச் சுட்டதில்லையாம். குண்டு மட்டும்தான் குறையாம்."

பாபா துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "சவமே," என்றார். இந்தத் தடவை உண்மையிலேயே செல்லமாகத்தான் சொன்னார்.

8

சாயங்காலம் வரை பாபா கஹ்வா ஊற்றினார். கனமான பித்தளைக் கூஜா. அதே கை, அதே விரல்கள். அபு நாசர் கிண்ணியை ஆட்டவே இல்லை. வெறித்தனமாகக் குடித்தார். கண்கள் பிதுங்கின, நெற்றியில் வியர்த்தது, நடுநடுவே எழுந்து பேரீச்ச மரங்களுக்குப் பின்னால் போய் வந்தார். வந்ததும் கிண்ணியை நீட்டினார். ஒரு நர்ஸாக நான் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஜெயித்தவனுக்கு ரத்த அழுத்தம் கிடையாது என்றார்.

சுல்தான் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாயில் ஒரு சொட்டு சிந்தவில்லை. இருட்டும் நேரத்தில் என் பக்கம் வந்து, "சிஸ்டர், உங்கள் பாஸ்போர்ட்டும் மகளுடையதும் நாளைக்குக் கொடுங்கள். விசா புதுப்பிக்கிற வேலையை ஆரம்பித்துவிடலாம்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

"ஆனால் ஒரு நிபந்தனை," என்றார்.

நிபந்தனை இதுதான். இனிமேல் அந்த எண்ணெய் ஜன்னலில் இருக்கக் கூடாது. அப்பா மறுபடியும் எடுத்துவிடுவார். ஆகவே பாட்டிலைத் துப்பாக்கிப் பெட்டிகளில் காலியாக இருந்த ஒன்றுக்குள் வைத்துப் பூட்டினார். அந்தப் பெட்டிக்குச் சாவி சுல்தானிடம் மட்டும்தான். அவர் ஊரில் இல்லாத நாளில், லைசென்ஸ் உள்ள அவருடைய தம்பியிடம். லைசென்ஸ் இல்லாத நான் கதவுக்கு வெளியே நிற்பேன். அவர் உள்ளே போய், பெட்டியைத் திறந்து, கல்லாக உறைந்த பாட்டிலைக் கொண்டுவந்து தருவார். அதை வெந்நீரில் வைத்து உருக்கி, பாபாவின் விரலுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்க வேண்டும். அருளப்பன் லீவுக்கு வந்தபோது இதைக் கேட்டுவிட்டு, "ஏ இவளே, மீன் பொரிக்கணும்னாலும் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கணுமா?" என்றார். அன்றைக்கு மீனைக் குழம்பு வைத்தேன்.

அண்ணனிடம் பத்து லிட்டர் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. அபு நாசருக்கு இப்போது முழங்காலில் வலியாம். "அந்தத் துப்பாக்கித் தேல்" தனக்கும் வேண்டும் என்று ஆள்மேல் ஆள் விட்டுக் கேட்கிறார். எல்லையில் அதற்கு என்ன காகிதம் கேட்பார்களோ, தெரியவில்லை.

ஜோவியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனுஷியாக, "இட்ஸ் ஓகே" என்றாள். இனிமேல் தலைக்கு எண்ணெய் வை என்று வற்புறுத்தமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

மறுவாரம் பள்ளிக்குக் கிளம்புகிற நேரம். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளே வந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"என்ன மக்ளே?"

"ஆயில் வை. நிறைய."

"பஸ்ல சிப்ஸ் மணக்கும்னு சொன்னியே?"

"மணக்கட்டும். அது கன் சேஃப்ல இருக்குற ஆயில்னு சொல்லிட்டேன். நாளைக்கு ஃபாத்திமாவுக்கும் கொஞ்சம் வேணுமாம்."